முதலில் காலடி

முத்தியாரா ரினி இன்று ஸ்கூடாயின் பெரிய குடியிருப்புத் தாமான்களில் ஒன்று. எங்களுக்கு அது ரினி தோட்டம். ரப்பர் பால்மரங்களும் லயங்களும் போய்விட்டன. தமிழ்ப்பள்ளி மட்டும் அந்தப் பெயரை இன்னும் தாங்கி நிற்கிறது.

1970களில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கோயில் திடலில் கேஸ் விளக்கை ஏற்றிவைத்துச் சிலம்பம் பழகுவோம். வந்தவர்கள் எல்லாரும் பையன்களும் கல்யாணமாகாத இளந்தாரிகளும்தான். கல்யாணம் ஆனதும் கம்பைக் கூரைச் சந்தில் செருகிவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர் கம்பைத் தொட்டால், "இந்த வயசுல எதுக்கு இது?" என்று வீட்டில் உள்ளவர்களே வாங்கி வைத்துவிடுவார்கள். வயதானவருக்கு மரியாதை என்றால் நாற்காலி போட்டு உட்கார வைப்பதுதான்.

வாத்தியார் லேசில் கம்பைக் கொடுக்க மாட்டார். மாதக்கணக்கில் காலடிதான். முன்னே ஒரு கால், பக்கத்தில் ஒரு கால், உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றித் திரும்புவது. "கம்பு தானா வரும்டா, காலைப் பாரு" என்பார். எங்களுக்கோ சுற்றுதான் மயக்கம். 1971இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே கம்பு சுற்றுவார். அதைப் பார்த்த பிறகு காலடியில் யாருக்கு மனம் நிற்கும்?

பெண்கள் அந்தத் திடலுக்கே வரவில்லை. ஆனால் தோட்டத்தில் அவர்களைப் போல நிலை தவறாமல் நடந்தவர் யாரும் கிடையாது. ஈரச் சரிவில், வேர்களும் கால்வாய்களும் குறுக்கிடும் பாதையில், இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தப் பெண்களில் பலர்தான் பின்னாளில் தாமான் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்கள். மேடும் பள்ளமும் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் நாள்தோறும் வேலை கொடுத்தன. சமதளமான டைல்ஸ் தரை அந்த வேலையைப் பறித்துவிட்டது. பிள்ளைகள் அன்போடு, "அம்மா, நீங்க உட்காருங்க" என்றார்கள். உட்கார உட்காரத் தொடைத் தசை கரைந்தது. ஒருமுறை விழுந்தவருக்கு நடக்கவே பயம். பயத்தில் நடையைக் குறைத்தால் தசை இன்னும் கரையும், அடுத்த விழுகை இன்னும் நெருங்கிவரும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களே அதிகம். எங்கள் பக்கத்தில் இதை இன்னமும் 'வயசாயிடுச்சு' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

பூங்காவில் சீனர்கள் காலையில் தாய்ச்சி செய்வதைப் பல காலமாகப் பார்த்து வருகிறோம். அவர்களில் பலர் செய்யும் 24 நிலைகள் 1956இல் சீனாவில் பொதுமக்களுக்காகச் சுருக்கி அமைக்கப்பட்டவை. 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 70 முதல் 92 வயது வரையிலான 256 பேர் கலந்துகொண்டார்கள். வாரம் மூன்று முறை, ஆறு மாதம். வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்களுக்குப் பலமுறை விழும் ஆபத்து 55 விழுக்காடு குறைந்திருந்தது. அந்தக் கணக்கைச் சிலம்பத்தின் மேல் அப்படியே ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் முழங்காலைச் சற்று மடக்கி, பாரத்தை மெல்ல மாற்றி, ஒரு கணம் ஒற்றைக் காலில் நின்று, தலையோடு உடம்பைத் திருப்பும் அவர்களின் அசைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாத்தியாரின் காலடிதான் தெரிகிறது.

இப்போது எங்கள் தாமானில் அறுபதைத் தாண்டியவர்கள் கூடிச் சிலம்பம் பழகுகிறோம். பாதிக்கு மேல் பெண்கள். அன்று பையன்கள் தாண்டி ஓடத் துடித்த பாடத்தை இன்று யாரும் அவசரப்படுத்துவதில்லை. முதலில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு காலடி, பிறகு பிடிக்காமல், அதன் பிறகே மெல்லிய பிரம்பு. பிரம்பு கைக்கு வந்ததும் கண் அதன் நுனியோடு போகும், கால் தானாக நிலத்தைத் தேடும். தலைசுற்றல், எலும்புத் தேய்மானம், கண் அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் சேர்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கு எழுபத்து நான்கு வயது. அந்தக் காலத்தில் பால் வாளி சுமந்தவர். "இதத்தானே தம்பி அப்ப ராத்திரியில நீங்க மட்டும் ஆடிக்கிட்டிருந்தீங்க? எங்களையும் கூப்பிட்டிருக்கலாமே" என்றார். அவர் கேட்டது நியாயம்.

மழைக் காலத்துக்குக் கோயில் மண்டபத்தைக் கேட்டிருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் கம்பு வாங்க வேண்டாம். வழுக்காத ரப்பர் அடிச் சப்பாத்து போதும். வீட்டில் நாற்காலியில் உட்கார வைத்திருக்கும் அம்மாவையும் கையோடு கூட்டி வாருங்கள்.