முந்திரித் தோப்பு வண்டியை தார்ச்சாலை ரேஸுக்குத் தயார் செய்வது எப்படி?

ஏதோ ஒரு கடற்கரை ரிசார்ட்டில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து ஓய்ந்த நாலு சக்கர பைக் ஒன்று மலிவு விலையில் வடலூரில் உள்ள உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஏ.டி.வி. என்பார்கள், குவாட் என்பார்கள். மண்ணிலும் மேடுபள்ளத்திலும் ஓடவே பிறந்த வண்டி. ஊரைச் சுற்றிச் செம்மண்ணுக்கும் முந்திரித் தோப்புக்கும் பஞ்சமில்லை. ஆனால் உங்கள் ஆசை வேறு. தார்ச்சாலையில், நேர்கோட்டில், கால் மைல், அதாவது 402 மீட்டர், டிராக் ரேஸ் விட வேண்டும். ஆசையைக் குறை சொல்வது இந்தக் கையேட்டின் வேலையல்ல, வழி சொல்வதுதான்.

தேவையான பொருட்கள்

நாலு சக்கர பைக் – 1
ஏன் என்று கேட்காத லேத் பட்டறைக்காரர் – 1
வீடியோ எடுக்க நண்பர்கள் – 2 (ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவும் இவர்களே உதவுவார்கள்)
கோடு போட்ட நோட்டு – 1
பணம் – தேவையான அளவு

படி 1: வண்டியின் சுபாவத்தை அறியுங்கள்

இந்த வகை வண்டிகள் பலவற்றில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டிருக்கும். காரில் இருப்பதுபோல் டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்ற வேண்டும். இதில் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். மண்ணில் ஒரு சக்கரம் சறுக்கிச் சமாளித்துவிடும். தார் பிடித்துக்கொண்டு விடாது. நேராகத்தான் போவேன் என்று வண்டி அடம்பிடிக்கும். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் கவிழும். 'தார்ச்சாலையில் ஓட்டாதீர்கள்' என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது இதனால்தான். முதல் வேலையாக அந்த ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள். இந்தக் கையேட்டில் செலவில்லாத வேலை அது ஒன்றுதான்.

இன்னொன்று: இதில் ஆக்சிலரேட்டரை முறுக்க முடியாது. கட்டைவிரலால் ஒரு நெம்புகோலை அழுத்த வேண்டும். நாலு ரோட்டில் நின்று முறுக்கிக் காட்டலாம் என்ற கனவு இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

படி 2: டயர்

பட்டன் டயர் ஆகாது. அதில் காற்று ஐந்தாறு பி.எஸ்.ஐ. அளவில்தான் இருக்கும், வேகத்தில் ரப்பர் நெளியும், பட்டன்கள் மட்டும் தாரைத் தொடும், வண்டி தள்ளாடும். வழுவழுப்பான ஸ்லிக் டயர் வேண்டும். 'தேய்ந்த டயர் நம்ம ஊரில் இலவசமாகவே கிடைக்குமே' என்று ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போகாதீர்கள். ஸ்லிக் என்பது மென்மையான ரப்பர். சூடேறினால் தாரில் ஒட்டும். தேய்ந்த டயரில் மிஞ்சியிருப்பது இறுகிய ரப்பர். அது ஒட்டாது, வெடிக்கும்.

நோட்டில் ஒரு கோடு போடுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறோம்.

படி 3: தாழ்த்துங்கள்

உயரமான வண்டி கவிழும், ஆகவே ஷாக் அப்சர்பரை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்குங்கள். கற்களைத் தாண்டவே அது உயரமாகச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிடுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். நம் ஊர் வேகத்தடைகள் அந்த அளவைப் படித்துவிட்டுப் போடப்பட்டவை அல்ல. தாழ்த்திய வண்டி முதல் தடையிலேயே வயிறு தட்டி நிற்கும்.

இரண்டாவது கோடு.

படி 4: நீட்டுங்கள்

புறப்படும் நொடியில் எடை முழுவதும் பின்னால் சாயும், முன்சக்கரங்கள் எழும்பும். அதைத் தடுக்கப் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைச் சில அங்குலம் நீட்ட வேண்டும். செயினையும் பிரேக் ஓஸையும் கூடவே நீட்ட வேண்டும். பின்னால் தள்ளி ஒரு வீலி பாரும் வேண்டும். பட்டறையில் வெட்டி ஒட்டிய வெல்டிங் எந்த வேகம் வரை தாங்கும் என்பது சோதனை செய்தால்தான் தெரியும். சோதிக்கப்போகிறவர் நீங்கள்.

மூன்றாவது கோடு.

படி 5: பல்சக்கரம்

முன்னே 14 பல், பின்னே 38 பல் என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 2.71. முன்னே 15, பின்னே 36 என்று மாற்றினால் 2.4. எஞ்சின் அதே சுற்றில் ஓடினாலும் வண்டி சுமார் 13 சதவீதம் கூடுதல் வேகத்தில் போகும். சந்தோஷம். இப்போது படி 2-ஐ நினைத்துப் பாருங்கள். 22 அங்குல உயரப் பட்டன் டயரைக் கழற்றி 18 அங்குல ஸ்லிக் மாட்டியிருந்தால், அதிலேயே 18 சதவீத வேகம் போயிற்று. கூட்டிக் கழித்தால், இத்தனை செலவுக்குப் பிறகு வண்டியின் உச்ச வேகம் பழையதைவிட ஏழெட்டு சதவீதம் குறைவு. புறப்படும்போது மட்டும் நன்றாக உதறும். மனம் தளராதீர்கள், வீடியோவில் உதறல்தான் தெரியும்.

நான்காவது கோடு.

படி 6: சைலன்சர்

கழற்றி எறியுங்கள். சத்தம் கூடினால் சக்தி கூடியதாகத் தோன்றும். உண்மையில் காற்றோட்டம் மாறியதற்கு ஏற்பக் கார்புரேட்டரில் ஜெட் மாற்றாவிட்டால் எரிபொருள் கலவை கெட்டு எஞ்சின் சூடேறும், பிக்கப் குறையும். ஆனால் குறிஞ்சிப்பாடி வரை கேட்கும்.

ஐந்தாவது கோடு.

படி 7: உடை

முழு ஹெல்மெட், தோல் ஜாக்கெட், கையுறை, பூட்ஸ். மணிக்கட்டில் ஒரு கயிறு. மறுமுனை எஞ்சினை நிறுத்தும் சுவிட்சில். நீங்கள் தூக்கி எறியப்பட்டால் கயிறு சுவிட்சை இழுத்து எஞ்சினை நிறுத்திவிடும். கைலியும் செருப்பும் டிராக் ரேஸ் சீருடையில் எங்கும் சேர்க்கப்படவில்லை.

படி 8: இடம்

ரேஸ் தடத்தில் டயர் ஒட்டுவதற்காகப் பசைத்தன்மையுள்ள கலவை தெளிப்பார்கள். நம் சாலைகளில் தெளிக்கப்படுபவை வேறு: நிலக்கரிச் சாம்பல் லாரி சிந்தியது, டிப்பர் உதிர்த்த செம்மண், அறுவடைக் காலத்தில் வண்டிகள் ஏறி அடித்துக் கொடுக்கட்டும் என்று பரப்பிய உளுந்து. உளுந்தின் மேல் ஸ்லிக் டயர் என்பதை யாரும் இதுவரை பரிந்துரைத்ததில்லை.

விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையை நினைக்கிறீர்களா? அதன் நான்குவழிப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பட்டன் டயரைக் கழற்றாமல் ஓட்ட ஏற்ற தார்ச்சாலை ஒன்று இருந்தது என்றால் அது அதுதான். நெய்வேலி டவுன்ஷிப்பின் அகலமான, மரநிழல் விழும் சாலைகளை நினைக்கிறீர்களா? சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்களும் உங்கள் தடத்திலேயே வருவார்கள்.

ஒரு கணக்கு: மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் போகும். குறுக்கே ஆடு வந்ததைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆனால் அந்த 28 மீட்டர் கடந்துவிடும். அதன் பிறகுதான் பிரேக் வேலையைத் தொடங்கும். பயிர் வாடினாலே பொறுக்காத வள்ளலார் வாழ்ந்த ஊரில் ஆட்டுக்காரரிடம் இந்தக் கணக்கை விளக்கும் பொறுப்பும் உங்களுடையதே.

படி 9: நோட்டை எடுங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஐந்து கோடுகள், 25,000 ரூபாய். பொது இடத்தில் ரேஸ் விட்டால் 189-ஆம் பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டியது பதினெட்டு நிரம்பாத தம்பி என்றால் 199ஏ: அப்பாவுக்கோ வண்டிக்காரருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். உங்கள் வண்டிக்குப் பதிவெண் இல்லையென்றால் இன்சூரன்சும் கிடையாது. போலாரிஸ் நிறுவனம்கூட ஸ்போர்ட்ஸ்மேன் 570 என்ற தன் நாலு சக்கர பைக்கை நம் சாலைகளில் ஓடத் தகுதியாக்கியபோது, அதை டிராக்டர் வகையில்தான் கொண்டுவந்தது.

கையில் காசு தீர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். வடலூர் சத்திய தருமச்சாலையில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்தவரிடம் ஏன் பசிக்கிறது என்று அங்கே கேட்பதில்லை.

சந்தேகமும் விளக்கமும்

*கேள்வி: சென்னையில் மட்டும் சாலையில் ரேஸ் விட்டார்களே?*

விட்டார்கள். தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையை அடைத்து, தடுப்புகள் நிறுத்தி, உயர் நீதிமன்ற வழக்கைச் சந்தித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் கடைசியில்தான் அந்த ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. அரசாங்கமே முன்னின்று நடத்தியும் அவ்வளவு பாடு.

*கேள்வி: அப்படியானால் ரேஸுக்கு எங்கே போவது?*

சென்னைக்காரர்களும் ஒரு காலத்தில் இடம் தேடியவர்களே. சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் ரேஸ் விட்டார்கள். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடமே கட்டியது. தேசிய டிராக் ரேஸ் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஆம்புலன்சும் தீயணைப்பு ஆட்களும் நிற்கும் இடத்தில் நடப்பதற்குத்தான் ரேஸ் என்று பெயர்.

தீர்ப்பு

மேற்கண்ட ஒன்பது படிகளையும் முடித்தவர் கையில் மண்ணில் இறங்க முடியாத, தாரில் ஓட்டக் கூடாத, பழையதைவிட மெதுவான ஒரு வண்டி இருக்கும். ஆகவே பட்டன் டயரைக் கழற்றாதீர்கள். முந்திரி பறிப்பு முடிந்ததும் மாமா தோப்பில், மாமாவிடம் கேட்டுவிட்டு, ஹெல்மெட்டோடு ஓட்டுங்கள். தார்ச்சாலை வேகம்தான் வேண்டும் என்றால் முறையான டூவீலரோடு இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள். இதற்குப் பிறகும் பட்டறைக்குத்தான் போவேன் என்பவர்கள், போகும் வழியில் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். இந்தக் கையேட்டைப் படித்ததாக மட்டும் சொல்லாதீர்கள்.