வரலாறு கேட்டவளுக்கு பயோ-மேத்ஸ்

பெறுநர்:
பிளஸ் ஒன் சேர்க்கைக் குழுவினர்,
ஊரிலேயே பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருக்கும் மேல்நிலைப் பள்ளி.

பொருள்: கேட்காத பாடப்பிரிவை வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தலும், சிறு விண்ணப்பமும் – தொடர்பாக.

பார்வை: சேர்க்கை அறையில் தங்கள் குழு வாய்மொழியாகப் பிறப்பித்த உத்தரவு.

பெருமதிப்பிற்குரியீர்,

பத்தாம் வகுப்பில் 488 மதிப்பெண் எடுத்த என் மகள், வரலாறும் பொருளியலும் படிக்க வேண்டும் என்ற விபரீத ஆசையோடு தங்கள் முன் வந்து நின்றாள். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த குழு உறுப்பினர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இவ்ளோ மார்க்கை வச்சுக்கிட்டு தேர்ட் குரூப்பா? வீட்ல ஏதும் பிரச்சனையாம்மா?" என்று என்னிடம் அக்கறையாக விசாரித்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிவப்பு மையில் 'பயோ-மேத்ஸ்' என்று எழுதிவிட்டு, "நீட் கோச்சிங்கையும் சேர்த்தே போட்டுடலாங்களா?" என்றார். அந்த வேகத்தில் எங்கள் வீட்டில் எந்த முடிவும் எடுக்கப்பட்டதில்லை. அதற்கு முதல் நன்றி.

எங்கள் எதிர்வீட்டுப் பையனும் அன்றைக்கு வரிசையில் நின்றான். தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அவனுக்குத்தான் ஆள் போகும். மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, காயில் கருகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வான். அவன் இயற்பியல் இருக்கும் குரூப்பைக் கேட்டான். மொத்தம் 341. "உன் மார்க்குக்கு இதே பெருசு தம்பி" என்று வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் கொடுத்தீர்கள். என் மகள் கேட்டதை அவனுக்கும், அவன் கேட்டதை என் மகளுக்கும் வழங்கிய இந்தச் சமநீதி, கல்வித் துறை இதுவரை காணாதது.

இதில் தாங்கள் கையாண்ட கணக்கு நுட்பமானது. பத்தாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்தையும் கூட்டினால்தான் அந்த மொத்தம் வருகிறது. என் மகள் சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு. அந்த நூறும் சேர்ந்துதான் அவளைத் தங்கள் பயோ-மேத்ஸ் கோட்டைத் தாண்ட வைத்தது. ஆகவே அந்தப் பாடத்தை அவள் இனி தொடக்கூடாது. எதிர்வீட்டுப் பையன் கணிதத்தில் 81, அறிவியலில் 84. ஆனால் ஆங்கிலத்தில் 47. ஆகவே அவன் இயற்பியலைத் தொடக்கூடாது.

தங்கள் தரப்பு நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. "பயோ-மேத்ஸ் படிச்சா நாளைக்கு பி.ஏ.வும் போகலாம். தேர்ட் குரூப் படிச்சா பி.இ. போக முடியாதும்மா" என்றீர்கள். சரியான பேச்சு. தமிழ்நாட்டில் பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இந்த மூன்றும் இல்லாத தேர்ட் குரூப்காரருக்கு அந்தத் தரவரிசைப் பட்டியலில் இடமே இல்லை. ஆனால் அடைத்தால் திறக்காத கதவு என்று தெரிந்திருந்தும், உள்ளே போக ஆசைப்பட்ட பையனின் முகத்துக்கு நேரே ஆங்கில மார்க்கைக் காட்டி அடைத்தீர்கள். போக விரும்பாத என் மகளை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டீர்கள். கதவைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர்கள், கதவுக்கு முன்னால் நிற்பது யார் என்று ஒருமுறை பார்த்திருக்கலாம்.

பயோ-மேத்ஸின் மகிமையும் தெரிந்ததுதான். பொறியியலுக்குப் போகிறவருக்கு உயிரியல் மார்க் கணக்கில் வராது. நீட் எழுதுகிறவருக்குக் கணித மார்க் உதவாது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் இரண்டு வருடம் சுமக்க வேண்டும். இந்தச் சுமையைக் குறைத்து, மூன்று முதன்மைப் பாடங்களோடு படிக்கலாம் என்று அரசு 2019இல் ஆணை போட்டது. 2020இல் அதைக் கைவிட்டு, பழைய நான்கு பாட முறையே தொடரும் என்றது. தங்கள் ஃபிளெக்ஸைத் திருத்தி அடிக்கும் செலவு மிச்சம்.

இன்னொரு வாழ்த்தும் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தும் வித்தையைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். தங்கள் முகத்தில் தெரிந்த மலர்ச்சிக்குக் காரணம் இப்போது புரிகிறது.

பட்டப் படிப்புக்கு முந்தைய இந்தக் கட்டத்தில் பிள்ளைகளை வடிகட்டியதில் தாங்கள் முதலாமவர் அல்லர் என்பதால் தைரியமாக இருக்கலாம். 1978இல் பிளஸ் டூ வருவதற்கு முன் பி.யு.சி. இருந்தது. அதற்கு முன் இன்டர்மீடியட், அதற்கும் முன் எஃப்.ஏ. கணித மேதை ராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றவற்றில் கோட்டைவிட்டு, உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரிக்கு மாறி எழுதியபோதும் உடலியங்கியல் காலை வாரிவிட்டது. கடைசிவரை எஃப்.ஏ. தேறவே இல்லை. தங்கள் மேசைக்கு வந்திருந்தால் அவருக்கும் "உன் மார்க்குக்கு இதே பெருசு தம்பி"தான்.

இனி விண்ணப்பம். இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்தவர் வரலாறு படிக்கக்கூடாது என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. புள்ளியியல், நுண்ணுயிரியல், அரசியல் அறிவியல், சிறப்புத் தமிழ் என்று தங்கள் பள்ளி கண்ணால் பார்த்திராத பாடங்களுக்கும் அரசு புத்தகம் அச்சிட்டிருக்கிறது. ஒன்றிரண்டுக்காவது ஓர் ஆசிரியரைப் போடுங்கள். மொத்த மார்க்கை விட்டுவிட்டு, கேட்கும் பிரிவுக்கு வேண்டிய பாடத்தில் என்ன மார்க் என்று பாருங்கள். ஒவ்வொரு குரூப்பும் எதைத் திறக்கும், எதை அடைக்கும் என்று ஒரு பலகையில் எழுதி வையுங்கள். சி.ஏ. ஃபவுண்டேஷனுக்கும் ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கும் எந்தக் குரூப்பும் தடையில்லை என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் டிப்ளமோ படித்தால், நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதையும் எழுதுங்கள். எதிர்வீட்டுப் பையனுக்கு அதைத் தங்கள் கவுன்சலிங் மேசை சொல்லவில்லை. மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர்தான் சொன்னார். அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் பிரிவில் சேர்ந்துவிட்டான்.

கடைசியாக ஒன்று. என் மகளின் மாற்றுச் சான்றிதழ் இன்னும் தங்கள் பீரோவில் இருக்கிறது. தயவுசெய்து கொடுத்துவிடுங்கள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறும் இருக்கிறது, இடமும் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை மீறத் துணிந்த ஒரு தாய்.