பாசிக்குப் பந்தி

வா மக்ளே, திண்ணையில இரி. மீன் தொட்டி வாங்கினியாம், வெளக்கு ரெண்டு வாங்கினியாம், இனி அதைப் போட்டு அணைக்க ஆளு வேணுமாம். நல்ல காரியம். வாசல் லைட்டை அணைக்கவே ஒனக்க அம்மை மூணு சத்தம் விடணும். நீ செடிக்கு நேரம் பாத்து நிக்கப்போறியா?

என்ன செடின்னு பாத்தேன். செவந்த எலை, ரோட்டாலாங்க. லேய், அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரி! சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போயி, பேரை மாத்திக்கிட்டு, கூரியர் ஏறி மலையடிவாரத்துக்கே திரும்பி வந்திருக்கா. கல்ஃபுக்குப் போயிட்டு வந்த மாப்பிள்ளை கணக்கா வெலையும் ஏறிப்போச்சு. அதுக்காவ காளிகேசம் ஆத்துல எறங்கிப் பிடுங்கிராத. காடு வனத்துறைக்கு, கரை ஆனைக்கு.

மலை ஓடையில வெயிலு எப்படி விழும்னு பாத்திருக்கியா? காலையில மலை மறைக்கும், பெறகு மரம் மறைக்கும், உச்சியில கொஞ்ச நேரந்தான் நேரா எறங்கும். நீ வெளக்கை முன்ன பின்ன போடணும்னு சொல்லுறதும் அதேதான். மொத வெளக்கு பகல் 12-க்கு எரிஞ்சு ராத்திரி 7-க்கு அணையட்டும். பெரிய வெளக்கு நடுவுல 2-ல இருந்து 5 வரைக்கும் கூடச் சேரட்டும். புதுத் தொட்டிக்கு இது தாராளம். அழகு பாக்கணும்னு 14 மணி நேரம் எரிய விட்டா, செடி தின்ன மிச்சத்துல பாசிக்குப் பந்தி வச்ச கதைதான்.

இனி டைமர். வெல கொறைவுன்னு பல்லுச் சக்கரம் ஒண்ணு வாங்கி வச்சிருக்க, பாத்தேன். சுத்திலும் 96 பல்லு, ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம். நல்ல சாமானம்தான், கரண்டு இருக்கிற ஊருல. நம்ம ஊருல ஐப்பசி மழைக்கு ரப்பர் கொம்பு ஒடிஞ்சு லைன்ல விழுந்தா, கரண்டோட சக்கரமும் நின்னுபோவும். கரண்டு வந்ததும் விட்ட எடத்துல இருந்து சுத்தும். நானும் மரச்சீனி வெளையில பன்னியை வெரட்ட லைட்டுக்கு ஒண்ணு வச்சேன். 7 மணிக்கு எரியணும். நாலு நாள் மழையில 5 மணி நேரம் பிந்திப்போச்சு. பன்னி 10 மணிக்கு வந்து, கெழங்கைத் தோண்டித் தின்னு, ஏப்பம் விட்டு எறங்குது. 12 மணிக்கு லைட்டு எரிஞ்சு வழியனுப்பி வைக்கிது.

அதுலயும் நீ மொத வெளக்குக்கு டிஜிட்டலும் பெரிய வெளக்குக்குச் சக்கரமுமா கலந்து வைக்கப்போறன்னு கேள்விப்பட்டேன். அதே 5 மணி நேரத்தைப் போட்டுப் பாரு. 7 மணிக்கு ஒருத்தன் கடையை அடைக்கான், மத்தவன் தொறக்கான். ரெண்டும் சக்கரம்னா, பிந்தினாலும் ஜோடியாப் பிந்தும், எடைவெளி மாறாது. பகல் மட்டும் ராத்திரிக்குப் போயிரும். அதனால உள்ள பேட்டரி இருக்கிற டிஜிட்டலே மூணு வாங்கு. வாங்கினதும் ராத்திரி முழுக்கப் பிளக்குல குத்தி வச்சு சார்ஜ் ஏத்திட்டு நேரம் வை. பொத்தானை ஆட்டோவுல நிறுத்து. ஆன்ல விட்டுட்டு என்னைக் கொறை சொல்லாத. வைஃபை டைமர் வேணுமாம்! போன் பேசவே மொட்டை மாடியில ஒத்தைக்காலுல நிக்கோம், இதுல மீனுக்கு நெட்டாக்கும்.

மூணாவது எதுக்குன்னா, செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுற அந்தக் கேஸ் சிலிண்டருக்கு. அது வெளக்குக்கு ஒரு மணி நேரம் முந்தித் தொறக்கணும், ஒரு மணி நேரம் முந்தியே அடைக்கணும். 1984-ல அரசு ரப்பர் கழகம் ஆகும் முன்னமே, தோட்டம் வனத்துறையில இருந்தப்பவே பால் வெட்டினவன் நான். தலையில லைட்டைக் கெட்டிக்கிட்டு வெளுக்கும் முன்ன வெட்டணும். வெயில் ஏறினா சிரட்டையில சொட்டு கொறைஞ்சிரும். முந்த வேண்டியது பிந்தினா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். ராத்திரி செடி கேஸைத் தின்னாது, மூச்சுதான் விடும். சிலிண்டரும் விடிய விடியக் கொமுளி விட்டா, காலையில மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்து நிக்கும்.

இன்னொண்ணு, ஒயரைப் பிளக்குக்குக் கீழ வளைச்சுத் தொங்க விடு, தொட்டியில இருந்து ஒயர் வழியா வடியுற வெள்ளம் பிளக்குக்குப் போவாம அங்கன சொட்டட்டும்.

செரி, வேண்டாம்னு ஆன அந்தப் பல்லுச் சக்கரத்தை இங்க தா. ஒனக்க பாட்டிக்க டிவிக்கு மாட்டணும். 9 மணிக்கு சீரியல் நடுவுல அணைஞ்சா, கரண்டு போயி சக்கரம் முந்திப்போச்சுன்னு சொல்லிக்கிடுவேன். அது பிந்தத்தான் செய்யும், முந்தாதுன்னு அவளுக்கு எங்க தெரியப்போவுது? நீ சொல்லிராத.