நல்லாச் சண்டை போடுங்க தம்பிமாரே!

எம் பேத்தி கோடு எழுதுத சோலியில இருக்கா. அவ கூட்டாளிமாரு ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிடுததை அப்பப்போ வாசிச்சுக் காட்டுவா. தம்பிமாரே, உங்க திராணிய நெனச்சா எனக்கு மெய்சிலிர்க்கு. வரி தொடங்குத எடத்துல டேப்பைத் தட்டணுமா, ஸ்பேஸைத் தட்டணுமா? இதுக்குப்போய் பரம்பரைப் பகை வளக்குதிய. பைத்தான்காரங்க நாலு ஸ்பேஸ்னு எழுதியே வச்சுட்டாங்க. கோ மொழிக்காரங்க இன்னும் விவரம். டேப்தான்னு முடிவு பண்ணி, கோடை அடுக்கி வைக்குததுக்கு ஒரு கருவியையும் கையோட குடுத்துட்டாங்க. பாவிப் பயலுவ, எத்தனை பேரு பொழுதுபோக்கைக் கெடுத்தாங்களோ!

நீங்க மனசு தளராதிய. சின்ன விசயம் இன்னும் ஏராளம் கெடக்கு. பெரிய விசயத்துல வாயக் குடுக்கணும்னா படிச்சுட்டுல்லா வரணும்? பார்க்கின்சன்னு ஒரு இங்கிலீசுக்காரர் 1957லயே எழுதிட்டாரு. அணு உலை கட்டுததுக்கு ரெண்டரை நிமிசத்துல தலையாட்டுத கமிட்டி, சைக்கிள் கொட்டகைக்கு முக்கா மணி நேரம் பேசுமாம். எங்க ஊர்க் கோயில் கொடைக் கூட்டத்தை ஒளிஞ்சிருந்து பாத்துட்டுத்தான் எழுதுனாரோன்னு எனக்கு ஒரு சம்சயம். 1999ல ஃப்ரீபிஎஸ்டிங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காரங்க மத்தியில ‘ஸ்லீப்’னு ஒரு குட்டிக் கட்டளை அரை நொடி, கால் நொடின்னு தூங்கலாமா கூடாதான்னு ஒரு தர்க்கம். அப்போ டென்மார்க்குக்காரர் பவுல்-ஹென்னிங் காம்ப் இந்தக் கொட்டகைக் கதையத்தான் எடுத்து நீட்டுனாரு. அதுலேருந்து இந்த மாதிரிச் சண்டைக்கு உங்க தொழில்ல ‘பைக்‌ஷெட்’னே பேரு விழுந்துட்டு.

செயிச்சவனையும் விடாதிய. பைத்தானை உண்டாக்குன கீதோ வான் ராசம் இருக்காருல்லா? ஒரு கணக்குக்கு நடுவுலயே அதோட விடைக்குப் பேரு வச்சுக்கிடலாம்னு, முக்காப்புள்ளியும் சமக்குறியும் சேந்த ஒரு குறி. கூடும்னான் ஒருத்தன், கூடாதுன்னான் ஒருத்தன். கடைசியில கூடும்னு அவரு முடிச்சாரு. முடிச்ச கையோட, 2018 சூலையில, ஒரு யோசனைக்காக இம்புட்டு மல்லுக்கட்டி இத்தனை பேரு வெறுப்பையும் சம்பாதிக்கணுமான்னு, தனியாளாத் தீர்ப்புச் சொல்லுத பொறுப்பையே உதறிட்டாரு. மறுவருசம் பைத்தான் 3.8ல குறி வந்துட்டு. ரெண்டே எழுத்துல ஒரு நாற்காலியக் காலி பண்ணுன சாமர்த்தியம் வேற யாருக்கு வரும்?

வசவுக்கு வாங்க. அதுல எனக்குப் புடிச்சது 1992 சனவரிக் கதை. ஆம்ஸ்டர்டாம் வாத்தியார் ஆண்ட்ரூ டானன்பாம், மினிக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதுனவரு, லினக்ஸ்ங்கிற இன்னொரு சிஸ்டம் காலாவதியான சரக்குன்னு பொதுவுலயே எழுதிட்டாரு. சிஸ்டத்தோட மையமான கெர்னலை, எல்லாத்தையும் சேத்து ஒரே மூட்டையாக் கட்டுதது எழுபதுகளுக்குத் திரும்பிப் போவுத வேலையாம். அதுவும் 386 சில்லை மட்டும் நம்பி எழுதுனது தப்பாம். எம் மாணவனா இருந்தா நல்ல மார்க்கு கெடைக்காதுன்னும் சொன்னாரு. அந்தப் பக்கம் லினக்ஸை எழுதுன லினஸ் டோர்வால்ட்ஸ், ஹெல்சிங்கிப் பையன், வயசு 22. சும்மா இருப்பானா? மினிக்ஸுல உள்ள கோளாறுக்கெல்லாம் உங்க வாத்தியார் வேலை நல்ல சாக்குதான்னு திருப்பிக் குடுத்தான். கோவம் தணிஞ்சதும் மரியாதை தப்பிட்டேன், மன்னிக்கணும்னு தானே எழுதுனான். ஆனா கெர்னல் விசயத்துல ஒரு அங்குலம் எறங்கல, வாத்தியாரும் எறங்கல. பின்னால லினக்ஸ் 386ஐத் தாண்டி எத்தனையோ சில்லுக்குப் போச்சு, மூட்டை மட்டும் அதே மூட்டைதான்.

அந்த வாத்தியார்ட்ட எனக்குப் பொறாமை எதுலன்னா, 2004ல வாஷிங்டன்ல ஒரு ஆளு, லினக்ஸை லினஸ் தானா எழுதியிருக்க முடியாது, மினிக்ஸுலேருந்து எடுத்ததுதான்னு கிளப்பிவிட்டாரு. பழைய கணக்கைத் தீக்க இதவிட நல்ல நாள் வருமா? நானா இருந்தா வெத்தலையப் போட்டுக்கிட்டுச் சும்மா இருந்திருப்பேன். அந்த மனுசன் எந்திரிச்சு, அவன் எழுதுனது அவன் எழுதுனதுதான்னு ஊரறிய எழுதுனாரு. அப்பவும் கெர்னல் கட்டுன விதம் தப்புங்கிறதை மட்டும் விடல.

லினஸுக்குத்தான் வயசு ஏற ஏற வாயும் ஏறிட்டு. வருசக்கணக்கா வஞ்சாரு, அவரு மாதிரி வஞ்சாத்தான் கோடு ஓடும்னு நம்பி நீங்களும் வஞ்சிய. அவரு எழுதுன கோடு உங்களுக்கு வரல, வாய் மட்டும் சுளுவா வந்துட்டு. 2018 செப்டம்பர்ல அவரே மன்னிப்புக் கேட்டுட்டு, அடுத்தவங்க மனசைப் புரிஞ்சுக்கிட உதவி தேடப் போறேன்னு கொஞ்ச நாள் ஒதுங்கிட்டாரு. அடுத்த மாசம் லினக்ஸ் 4.19 கெர்னலை கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டாரு. வசவு இல்லாம அது பாட்டுக்கு ஓடிச்சு.

அதனால தம்பிமாரே, அடுத்தாப்புல ஒருத்தன் கோடைப் பாத்து, இவனுக்கு எவன் வேலை குடுத்தான்னு எழுதக் கை துறுதுறுங்கும்போது தாராளமா எழுதுங்க. அனுப்புததுக்கு முன்ன, எந்த வரி தப்பு, எதைக் குடுத்தா உடையுதுங்கிறது அதுல இருக்கான்னு மட்டும் ஒருவாட்டி பாருங்க. இருந்தா வசவை அழிச்சுட்டு அவனுக்கு அனுப்புங்க. இல்லைன்னா மொத்தத்தையும் எனக்கு அனுப்பிருங்க. சாயங்காலம் இங்க பொழுதே போக மாட்டேங்கு.