கங்கையே வந்து குளிக்கும் ஊர்: ஐப்பசி கேள்வி-பதில்

கேள்வி: ஐப்பசியில் மயிலாடுதுறைக்குப் போகலாமென்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அப்படி அங்கே என்னதான் விசேஷம்?
(ஒரு வாசகி, கோவை)

மாதம் முழுக்க ஊரே குளிக்கும். அதுதான் விசேஷம்.

சூரியன் துலா ராசியில் இருக்கும் மாதம் ஐப்பசி. அந்த மாதம் காவிரியில் முழுகுவதற்குத் துலா ஸ்நானம் என்று பெயர். நாடெங்கும் இருந்து வருகிறவர்கள் பாவத்தையெல்லாம் கங்கையில் கரைத்துவிட்டுக் கைவீசிப் போய்விடுகிறார்கள். சுமந்து நிற்கும் கங்கை என்ன செய்வாள்? ஐப்பசியில் மாயவரம் (மயிலாடுதுறையின் பழைய பெயர்) துலாக்கட்டப் படித்துறைக்கு வந்து, காவிரியில் முழுகி இறக்கிவைக்கிறாள் என்கிறது தலபுராணம். அப்படியானால் காவிரி எங்கே போய் இறக்கிவைப்பாள் என்று அடுத்த கார்டு போடாதீர்கள். கொஞ்ச தூரத்தில் பூம்புகாரும் கடலும் இருக்கின்றன.

கேள்வி: எந்த நாளில் போனால் நல்லது? கடைசி நாள்தான் சிறப்பு என்கிறார்களே?
(ஒரு வாசகர், வேலூர்)

உங்களுக்குக் காவிரியைப் பார்க்க வேண்டுமா, கூட்டத்தைப் பார்க்க வேண்டுமா? முதலில் அதை முடிவுசெய்யுங்கள்.

மாதப் பிறப்பன்று தீர்த்தவாரியோடு ஆரம்பிக்கும். அமாவாசையன்று ஒரு தீர்த்தவாரி. மாதத்தின் கடைசிப் பத்து நாள் கோயில்களில் கொடியேறி, திருக்கல்யாணம், தேர் என்று சூடு பிடிக்கும். ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்கு. இங்கிலீஷ் காலண்டரில் பெரும்பாலும் நவம்பர் 15 அல்லது 16. அன்றைக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். மயூரநாதர் கோயிலில் இருந்தும் சுற்றியுள்ள மற்றக் கோயில்களில் இருந்தும் சுவாமிகள் புறப்பட்டு, ஆற்றின் இரண்டு கரையிலும் வந்து நிற்பார்கள். மேளம், நாதஸ்வரம், குடை, தீவட்டி. மதியம் சுவாமியின் சூலமான அஸ்திரதேவரை ஆற்றில் முழுக்குவார்கள். அதே நொடியில் படித்துறையில் நிற்கும் அத்தனை பேரும் முழுகுவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் முழுகி எழுந்தால் உங்கள் தலைக்கு மேலே இன்னொருவர் தலை இருக்கும்.

என்னைக் கேட்டால், மாத நடுவில் ஒரு செவ்வாய் புதன் பார்த்துப் போங்கள். விடியற்காலையில் படித்துறையில் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். பாட்டிகள் சங்கல்பம் சொல்வார்கள், பையன்கள் குதிப்பார்கள், சாஸ்திரிகள் போன் பேசுவார். ஒரு நாள் திருவிழாவாக இருந்தால் இப்படி நிதானமாகப் பார்க்க முடியுமா? முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து கடைசி நாளில் போய் விழுகிறோம். வருமான வரி கட்டுவதிலும் நாம் இப்படித்தான்.

கேள்வி: அந்தக் கடைசி நாளையும் தவறவிட்டால்?
(ஒரு வாசகர், தாம்பரம்)

உங்களுக்காகவே மறுநாள் ஒன்று இருக்கிறது. கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. கால் நடக்க முடியாத ஒருவர் தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துபோனது. அவருக்காக ஈசன் ஒரு நாள் நீட்டித்தார் என்பது கதை. தாம்பரத்தில் இருந்து சோழன் எக்ஸ்பிரஸில் வரும் உங்களுக்கும் அது செல்லும் என்றே நினைக்கிறேன். அதற்கும் அடுத்த நாள் வந்தால் ஈசனைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: மயூரநாதர் கோயிலில் ஒரு லிங்கத்துக்குச் சேலை கட்டியிருந்தது. கண்ணாடி மாற்ற வேண்டுமா?
(ஒரு வாசகி, மதுரை)

வேண்டாம், சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நாதசர்மா, அனவித்யை என்று ஒரு தம்பதி துலா முழுக்குக்காக வந்தார்கள். அவர்களும் தாமதம்தான் (இந்த ஊர்ப் புராணத்தில் நேரத்துக்கு வந்தவர்களைப் பற்றிக் கதையே கிடையாது). கடைசியில் ஈசனிடம் கலந்தார்கள். அம்பாள் சந்நிதிப் பக்கம் இருப்பது அந்த அம்மாள் பெயரிலான லிங்கம், அதனால்தான் சேலை. அப்படியே அபயாம்பிகையையும் பார்த்திருப்பீர்கள். முத்துஸ்வாமி தீட்சிதர் அந்த அம்பாள் மேல் ஒரு கீர்த்தனை வரிசையே பாடியிருக்கிறார்.

கேள்வி: போன வருடம் போனேன். காவிரி என்று ஒரு வாய்க்காலைக் காட்டினார்கள். ஏமாற்றிவிட்டார்களா?
(ஒரு வாசகர், ஈரோடு)

ஈரோட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். உங்கள் ஊரில் அகண்டு ஓடுகிறாள். ஆனால் அவள் உங்களைத் தாண்டிப் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. வெள்ளம் வந்தால் பெரும்பங்கு அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகும். கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. பிறகு குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பங்கு கொடுத்து, வழியெல்லாம் வயலுக்கு வாய்க்கால் விட்டு, மாயவரம் வந்து சேரும்போது அவளிடம் மிச்சம் இருப்பதுதான் நீங்கள் பார்த்தது. டெல்டாவில் ஆறு கடலை நெருங்க நெருங்க அகலும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே நெருங்க நெருங்க இளைக்கும். சம்பா பயிர் பச்சையாக நிற்பதைச் சுற்றிலும் பார்த்தீர்கள் அல்லவா? காவிரி அங்கே இருக்கிறாள்.

கேள்வி: ஆற்றில் தண்ணீரே இல்லாத வருடங்களும் உண்டாமே. அப்போது எதில் முழுகுவது?
(ஒரு வாசகர், காரைக்குடி)

நம்பிக்கையில்.

விளையாட்டை விட்டுச் சொன்னால், மேட்டூரில் தண்ணீர் இருந்தால் இங்கே தண்ணீர். ஜூன் 12 அணை திறக்கும் தேதி என்பது வழக்கம். பல வருடம் அது வழக்கத்தோடு நின்றுவிடுகிறது. மழை சரியில்லாத வருடங்களில் ஐப்பசி பிறந்ததும் 'முழுக்குக்காவது திறந்துவிடுங்கள்' என்று ஊர்க்காரர்கள் கோரிக்கை வைப்பார்கள். கடைமடை அல்லவா, திறந்த தண்ணீர் வந்துசேரவும் நாளாகும். 2017 செப்டம்பரில் காவிரி மகா புஷ்கரம் நடந்தபோது துலாக்கட்டத்தில் ஒரு தொட்டியே கட்டினார்கள். ஆற்றுக்குள் தொட்டி கட்டிக் குளித்த தலைமுறை என்ற பெருமை நமக்கு உண்டு. கிளம்புவதற்கு முன் மாயவரத்தில் தெரிந்தவர் யாருக்காவது போன் போட்டு, 'தண்ணி வருதா?' என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: குடை எடுத்துவர வேண்டுமா?
(ஒரு வாசகி, பெங்களூரு)

ஐப்பசி அடைமழை என்று சும்மாவா சொன்னார்கள். வடகிழக்குப் பருவமழையும் இந்தத் திருவிழாவும் ஒரே நேரத்தில்தான் வரும். 2022 நவம்பர் 11-ஆம் தேதி இரவு பக்கத்து ஊரான சீர்காழியில் கொட்டியது ஒரே நாள் கணக்கில் 44 சென்டிமீட்டர். கடைமுழுக்குக்கு முந்தின வாரம் அது. குடை போதாது, ரயில் டிக்கெட்டை ரத்துசெய்கிற தைரியமும் வேண்டும். தண்ணீர் வேகமாக இருக்கும் நாளில் போலீஸ் 'இறங்காதீர்கள்' என்றால் இறங்காதீர்கள். சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாலும் கணக்கில் சேரும்.

கேள்வி: தீபாவளி, கந்த சஷ்டி, அன்னாபிஷேகம், கடைமுழுக்கு எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்கலாமா?
(ஒரு வாசகர், நவி மும்பை)

கடைமுழுக்கு சூரியக் கணக்கு, கிட்டத்தட்ட அசையாது. மற்ற மூன்றும் சந்திரனைப் பார்த்து வருவதால் முன்னே பின்னே ஓடும். தீபாவளி தாமதமாக வரும் வருடத்தில் கந்த சஷ்டியும் கடைமுழுக்கும் அடுத்தடுத்து விழும். அந்த வருடம் லீவு போடுங்கள். சஷ்டிக்கு நாகப்பட்டினம் பக்கம் சிக்கலுக்குப் போகலாம். சூரசம்ஹாரத்துக்கு முந்தின நாள் சிங்காரவேலர் அம்மாவிடம் வேல் வாங்கும்போது அவர் திருமேனியில் வியர்வை துளிர்க்கும் என்று பார்க்கக் கூட்டம் நெரியும். பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். 13 அடி லிங்கத்தைச் சோறு மூடுவதைப் பார்த்தபின் நம் வீட்டு அரிசி மூட்டை சின்னதாகத் தெரியும்.

கேள்வி: என் வீட்டுக்காரர், 'திருச்சியில் ஓடுவதும் காவிரிதானே, மாயவரம் எதற்கு?' என்கிறார்.
(ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்)

அவர் பெட்ரோல் விலை பார்க்கிறவர் போலிருக்கிறது. ஆனால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஐப்பசி முதல் முழுக்கு உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்பராய்த்துறையில், கடை முழுக்கு மாயவரத்தில் என்பதுதான் பழைய ஏற்பாடு. உங்கள் ரங்கநாதருக்கே இந்த மாதம் அம்மா மண்டபத்தில் இருந்து யானை மேல் தங்கக் குடத்தில் காவிரி வருகிறது. முதல் முழுக்கு அவர் சொன்ன இடத்தில், கடைசி முழுக்கு நீங்கள் சொன்ன இடத்தில். குடும்பத்தில் இதைவிட நல்ல ஒப்பந்தம் கிடைக்காது.

கேள்வி: நாங்கள் கோயிலுக்குப் போகாத குடும்பம். ஊரில் எங்களுக்கு ஏதாவது?
(ஒரு வாசகர், புதுச்சேரி)

நிறைய. 1879-இல் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை இந்த ஊரில் முன்சீப்பாக இருந்தவர். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். அவரைப் புகழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டுக் கட்டினார். அந்த பாரதியாரிடம்தான் இளவயது உ.வே.சா. மாயவரத்தில் சங்கீதம் படிக்கப் போனார். தமிழ் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை, சங்கீதம் நின்றது. சங்கீதத்துக்கு நஷ்டம்; நம் ஏட்டுச் சுவடிகளுக்கு எவ்வளவு லாபம்! தியாகராஜ பாகவதர் பிறந்ததும் இங்கேதான். கல்கி பிறந்த புத்தமங்கலம் பக்கத்துக் கிராமம். இவர்கள் நடந்த தெருக்களில் நீங்களும் காலாற நடங்கள். கால் வலித்தால் பஸ் ஏறித் தரங்கம்பாடி: 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடல், காற்று. ஐப்பசியில் அந்தக் கடல் கொஞ்சம் கோபமாக இருக்கும். தள்ளி நின்று பாருங்கள்.

கேள்வி: அந்த ஊர் வள்ளலார் கோயில், வடலூர் வள்ளலாருக்குக் கட்டியதா?
(ஒரு மாணவர், கடலூர்)

இல்லை. அங்கே வள்ளல் என்று பெயர் வாங்கியவர் சிவபெருமான், வதான்யேசுவரர். காவிரியின் வடகரை. நந்தி மேல் அமர்ந்த தட்சிணாமூர்த்தி அங்கே பிரசித்தம். வியாழக்கிழமை போனால், பரீட்சைக்கு முன் உங்கள் வகுப்பில் பாதிப் பேரைப் பார்க்கலாம்.

கேள்வி: போன நேரத்தில் பெருமாள் கோயில் நடை சாத்தியிருந்தது. தூரத்தில் இருந்து வருபவர்களை இப்படியா நடத்துவது?
(ஒரு வாசகர், ஹைதராபாத்)

திருஇந்தளூர் பரிமள ரங்கநாதர் கோயிலைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். திருமங்கையாழ்வாருக்கும் அங்கே இதே கதி என்பார்கள். அவர் வாசலிலேயே நின்று பெருமாளிடம் சண்டை பிடித்துப் பாடினார். அது பிரபந்தத்தில் இடம் பிடித்தது. நீங்கள் எனக்குக் கடிதம் எழுதினீர்கள். அது இந்தப் பக்கத்தில் இடம் பிடித்தது. மதியம் சாத்தினால் மாலை நாலு மணி சுமாருக்குத்தான் திறக்கும். அதுவரை சாப்பிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: அப்படியே ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் முடித்துவிடலாமா?
(ஒரு வாசகர், ஓசூர்)

சனி பகவானுக்கு ஒரு சுற்று வர 30 வருடம் பிடிக்கிறது. உங்களுக்கு என்ன அவசரம்? வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூன்றும் பக்கம். மிச்சம் ஆறையும் இன்னொரு ஐப்பசிக்கு வையுங்கள்.

கேள்வி: ரூம் கிடைக்குமா?
(ஒரு வாசகர், திருப்பூர்)

மாதத் தொடக்கத்தில் கிடைக்கும். கடைமுழுக்கை ஒட்டி என்றால் கும்பகோணத்தில் தங்கி, விடியற்காலை ரயிலோ பஸ்ஸோ பிடியுங்கள். ஜங்ஷனில் இருந்து துலாக்கட்டத்துக்கு ஆட்டோ வேண்டும். கட்டணத்தை ஏறுவதற்கு முன் பேசுங்கள், முழுகிய பின் பேசினால் புண்ணியத்தில் கழியும்.

கேள்வி: ஆற்றில் சோப்பு போடலாமா?
(ஒரு வாசகர், சேலம்)

பாவத்தைக் கழுவ வந்துவிட்டுப் புதிதாக ஒன்று சேர்ப்பானேன்? பழைய வேட்டியையும் ஆற்றில் விட்டுவிட்டு வராதீர்கள். காவிரி அதைக் கட்டிக்கொள்ள மாட்டாள்.

கேள்வி: ஆற்று நடுவில் இருக்கும் நந்தி மண்டபத்தில் ஏறி செல்ஃபி எடுக்கலாமா?
(ஒரு கல்லூரி மாணவி, விழுப்புரம்)

தன் வேகத்தைப் பற்றிக் கர்வப்பட்ட நந்தி, அது அடங்கி உட்கார்ந்த இடம் என்கிறது புராணம். கரையில் இருந்தே எடும்மா, நந்தியும் சேர்ந்து விழும்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் இந்த வருடம் என்றைக்கு முழுகப் போகிறீர்கள்?
(ஒரு வாசகர், மயிலாடுதுறை)

சொல்ல மாட்டேன். படித்துறைக்கும் கேள்வியோடு வந்துவிடுவீர்கள்.