தேவிக்கு அங்கி மாட்டிய தோழர்

பூக்களுக்கெல்லாம் பொறுப்பு ஃப்ளோரா. ரோமாபுரியில் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே 3 வரை அவளுக்குத் திருவிழா. தெய்வம் சாந்த சொரூபி என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்தின் மேல் கொண்டைக்கடலையை வாரி இறைப்பார்கள். மைதானத்தில் முயலையும் ஆட்டையும் அவிழ்த்துவிடுவார்கள். மேடையில் நடிகைகள், ரசிகப் பெருமக்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, உடைகளைக் களைவார்கள். ஒருமுறை கேட்டோ என்கிற ஒழுக்கசீலர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் எதிரில் கேட்க ஜனங்களுக்குக் கூச்சம். நண்பர் விஷயத்தைக் காதில் போட்டதும் மனிதர் எழுந்து போனார். கைதட்டி வழியனுப்பிவிட்டு, கூட்டம் ஆக வேண்டியதைப் பார்த்தது.

இப்பேர்ப்பட்டவளை 1885இல் இங்கிலாந்தில் பிடித்துச் சித்திரச் சீலையாக நெய்தார்கள். நெய்வித்தவர் வில்லியம் மாரிஸ்: கவிஞர், வால்பேப்பர் வியாபாரி, சோஷலிஸ்ட். பணக்காரர்கள் ஒழிய வேண்டும் என்று தெருமுனையில் முழங்குவார். கடைக்கு வருகிறவர்களும் அவர்களேதான். அதே வருஷம், தோழர்களுக்குத் தண்டனை விதித்த கோர்ட்டில் கூச்சல் போட்டதற்காக அவரையே கூண்டில் ஏற்றினார்கள். போலீஸ்காரரை அடித்ததாகப் புகார். தான் ஐரோப்பா அறிந்த கலைஞன் என்று சொல்லி வெளியே வந்தார்.

நெசவைப் பழைய பிரெஞ்சுக் கையேட்டைப் பார்த்துத் தானே கற்றவர். 1879இல் படுக்கையறையில் தறியைப் போட்டு, 516 மணி நேரத்துக்கு மேல் உழைத்து முதல் சீலையை முடித்தார். அகாந்தஸ் இலைகள் கைமீறிக் கொழுத்ததில் அதற்கு விழுந்த பட்டப்பெயர் ‘முட்டைக்கோஸும் திராட்சையும்’.

ஃப்ளோராவின் உருவத்தை ஓவிய நண்பர் பர்ன்-ஜோன்ஸிடம் விட்டதற்கு இந்த முட்டைக்கோஸும் காரணமாக இருக்கலாம். அவர் வரையும் பெண்களுக்கெல்லாம் ஒரே முகம்: கல்யாணத்துக்கு வந்து பந்தியைக் கோட்டைவிட்ட முகம். அவர் சின்னதாக வரைந்து தருவார். புகைப்படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்வார்கள். சுற்றிலும் இலையும் கொடியும் மாரிஸ் கைங்கரியம். இடம் மிச்சமிருந்த மேல்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் தன் செய்யுளையும் ஏற்றிவிட்டார். முதலாளியே கவிஞராக இருந்தால் யார் தடுப்பது?

மாரிஸின் மெர்ட்டன் ஆபி பட்டறையில் நெசவாளிகள் உட்காருவது தறிக்குப் பின்னால். முகம் எப்படி வருகிறதென்று எதிரே மாட்டிய கண்ணாடியில் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி நாளெல்லாம் கண்ணெதிரே இருந்தது தேவியின் பின்பக்கம், அதுவும் நூல்நுனி தொங்கத் தொங்க.

தறியிலிருந்து இறங்கியவளுக்குத் தரையைத் தொடும் அங்கி! பழங்களின் தேவி பொமோனாவும் அதே கோலத்தில் தயாராக, இருவரும் பருத்தி மில்களின் தலைநகரான மான்செஸ்டரில், விட்வொர்த் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பொமோனாவைப் பிற்பாடு சிறிய சைஸிலும் நெய்து விற்றார்கள். புரட்சிதான் வரவில்லை, ஆர்டர் வந்துகொண்டே இருந்தது.