ஆறு பேருக்கு மேல் அனுமதி இல்லை

திருவள்ளூரில் பெருமாளே ராத்தங்க இடம் கேட்டு வந்தவர்தான். சாலிஹோத்திர மகரிஷி ஓராண்டு நோன்பிருந்து, தை அமாவாசையன்று மாவை நைவேத்தியம் செய்துவிட்டு அதிதிக்காகக் காத்திருந்தார். வந்த கிழவர் இருந்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, படுக்க இடம் எங்கே என்று கேட்டார். முனிவர் தன் குடிசையின் உள்ளறையையே காட்டினார். வீரராகவப் பெருமாள் இன்றும் அங்கே சயனக் கோலத்தில்தான் இருக்கிறார். வலது கை முனிவரின் தலைமேல். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எங்கள் பாட்டி தன் வீட்டு வாசலை அமாவாசைதோறும் திறந்து வைத்திருந்தாள்.

கோயில் குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஓட்டு வீடு அது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு. படுக்கையறை என்று ஒன்று கிடையாது. மே மாத லீவுக்குப் பேரன் பேத்திகள் எல்லோரும் அங்கே வந்து விழுவோம். கூடத்தில் ஜமக்காளத்தை விரித்தால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை தலைகள். தெருவில் பூக்காரி, வளையல் கடை, வெல்லக் கடை. ஹ்ருத்தாபநாசினிக் குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பில் உள்ள மருவும் கட்டியும் கரையும் என்பது நம்பிக்கை. வெல்லக் கடைக்காரர் எங்களுக்கு உடைசல் தருவார்.

அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் தெரு நிரம்பிவிடும். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட ரயில் பாதை, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை, இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அதனால் அரக்கோணம் பக்கத்து ஜனம், ஆந்திர ஜனம், மெட்ராஸ் ஜனம் எல்லாம் மூட்டையோடு வந்து இறங்கும். விடியற்காலையில் தர்ப்பணம்; ராத்திரிக்கு எங்காவது தலை சாய்க்க வேண்டும். எங்கள் திண்ணையில் இடம் பிடிக்கப் போட்டியே நடக்கும். கும்மிடிப்பூண்டி இரும்பு உருட்டாலையில் வேலை பார்த்த சித்தப்பா, வார விடுமுறையில் கவரைப்பேட்டை, பெரியபாளையம் என்று பஸ் மாறி வருவார். கூடவே வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு பையன்களையும் அழைத்து வருவார். உலை வெக்கையில் சிவந்த கண்களோடு அவர்கள் கூடத்தில் படுத்தால் மறுநாள் மத்தியானம்தான் எழுவார்கள். யாரும் எழுப்பக் கூடாது என்பது பாட்டியின் உத்தரவு.

அந்த வீட்டைப் பற்றி எழுதும்போது ஒன்றை மறைக்க எனக்கு மனசில்லை. திண்ணை வேறு, கூடம் வேறு. யார் எந்த இடம் வரை வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. திண்ணையில் படுத்தவர்களில் சிலருக்குத் தண்ணீர் தனிச் சொம்பில் போயிற்று. சிலர் திண்ணையில்கூட ஏறவில்லை. எதிரே தெருவோரத்தில் படுத்தார்கள். வீட்டுப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் பின்கட்டில். மற்ற நாட்களில் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால் அணைப்பதற்கு ராத்திரி பத்தாகும். அம்மா அந்த வீட்டை நினைத்து இதுவரை ஒரு பெருமூச்சும் விட்டதில்லை.

1997இல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள், மனை விலை ஏறியது. பாட்டி போன பிறகு பங்காளிகள் கூடிப் பேசி இடத்தை பில்டரிடம் கொடுத்தார்கள். இப்போது அங்கே நாலு மாடி. அதில் எங்கள் பெரியப்பா பையன் தன் பங்குக்கு வந்த மூன்று படுக்கையறை வீட்டை, கோயிலுக்கு வரும் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். லிஃப்ட், ஏசி, மேல்நாட்டுக் கழிப்பறை. வாசலில் ஆதார் அட்டை கேட்கிறார்கள், சாதி கேட்பதில்லை. பணம் கட்டியவர் யாராயினும் நடுக்கூடத்தில் கால் நீட்டி உட்காரலாம். பாட்டி வீட்டில் நடக்காதது இது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. முட்டி தேய்ந்த அம்மா அங்கே தங்கிய நாட்களில், அடுப்படிப் பக்கமே போகாமல், பால்கனியில் உட்கார்ந்து தெருவை ஆசை தீரப் பார்த்தாள்.

கதவில் ஒட்டியிருக்கும் விதிகளில் முதலாவது, ஆறு பேருக்கு மேல் அனுமதி இல்லை. தை அமாவாசைக்கு நாங்கள் அங்கே இருந்த இரவு, கீழே தெரு முழுக்க ஆட்கள் படுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் சாக்கை விரித்துக்கொண்டு, மார்கழிப் பனி இன்னும் விடாத தரையில், கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும். எங்கள் கட்டடத்தின் இரும்பு கேட் பூட்டியிருந்தது. உள்ளே கார் நிறுத்தும் இடத்தில் மூன்றே கார்கள்.

அந்த மாதமே ஒரு வேலையாகக் கும்மிடிப்பூண்டி போனேன். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், ஏறக்குறைய இதே அளவில் ஒரு மூன்று அறை வீடு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் ஷிஃப்ட் முறையில் தூங்குகிறார்கள். பகல் ஷிஃப்ட்காரன் எழுந்த பாயில் இரவு ஷிஃப்ட்காரன் படுக்கிறான். பாய் ஆறுவதே இல்லை. அங்கே கதவில் எந்த விதியும் ஒட்டவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கூட்டி வரும் காண்ட்ராக்டர் அவர்களுக்குத் தகுந்த தங்குமிடம் தர வேண்டும் என்று 1979ஆம் வருடத்துச் சட்டமே சொல்லியது. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பையனுக்குத் தனக்கென்று ஒரு பாய் இல்லை. சித்தப்பா கூட்டி வந்த பையன்களுக்கு மத்தியானம் வரை யாரும் எழுப்பாத ஒரு கூடம் கிடைத்தது. இவனை எழுப்ப அலாரம்கூட வேண்டாம். அடுத்த ஆள் வந்து நிற்கிறான்.

இரும்பு வார்க்கிற கைகளுக்குத் தூங்க இடம் ஒதுக்காமல் தொழிற்பேட்டைக்கு வரைபடம் போடுவது தவறு. ஆலைக்கு நிலம் எடுக்கும்போதே தங்கும் விடுதிக்கும் நிலம் எடுக்க வேண்டும். அமாவாசை ராத்திரிகளில் ஊரில் உள்ள பள்ளிக்கூடங்களையும் கல்யாண மண்டபங்களையும் திறந்துவிட வேண்டும். அந்த ராத்திரி எப்போது வரும் என்பது பஞ்சாங்கத்தில் ஒரு வருடம் முன்பே அச்சாகிவிடுகிறது.

எங்கள் கட்டடத்தின் விஷயம் எங்கள் கையில் இருக்கிறது. “அண்ணா, ஒரு ராத்திரிக்குக் காரையெல்லாம் வெளியே நிறுத்தினால் அறுபது பேர் படுக்கலாமே” என்று பெரியப்பா பையனிடம் கேட்டேன். குப்பை, திருட்டு, மற்ற வீட்டுக்காரர்கள் என்று முதலில் இழுத்தார். அம்மா நேராகப் பேசியதும், ஆடி அமாவாசைக்குக் கேட்டைத் திறந்து வைக்கச் சம்மதித்திருக்கிறார். இரண்டு வீட்டுக்காரர்கள் சரி என்றுவிட்டார்கள். மற்றவர்களிடம் பேச வேண்டும். தண்ணீருக்கு டேங்கர் சொல்லிவிடலாம். கீழே வாட்ச்மேனுக்கான கழிப்பறை ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்பதுதான் இப்போது வீட்டில் நடக்கிற பேச்சு.